மணலியின் பாரசீகப் பங்குதாரர்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவர் ஒருவர், கனகம்மாசத்திரம்)

'பங்குதாரர்' என்னும் சொல்லில் பாதி தமிழ், பாதி பாரசீகம். 'தார்' என்ற ஈற்றுக்குப் பாரசீக மொழியில் 'உடையவர்' என்று பொருள். தாசில்தார், ஜமீன்தார், சுபேதார் ஆகிய சொற்களிலும் அதே ஈறுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நவாபுகள் காலத்தில் ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்த அம்மொழி, நவாபுகள் போன பின்னும் நம் தாலுகா அலுவலகத்தை விட்டுப் போகவில்லை. பஜார், தர்பார், சர்க்கார், சிப்பாய் எல்லாம் அங்கிருந்து வந்தவையே.

இந்தச் சொல்லாராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் ஒரு யூரியா மூட்டை. எங்கள் வீட்டில் வேர்க்கடலையும் நெல்லும் பயிரிடுகிறோம். 'விஜய்' என்று அச்சிட்ட மணலி யூரியா மூட்டைகள் என் நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் கிடக்கின்றன. உரம் தீர்ந்த பின் அந்தச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து அம்மா கடலை உலர்த்துவார்கள். வகுப்பில் ஹேபர் முறையில் அம்மோனியா தயாரித்தலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, அந்த யூரியாவைத் தயாரிக்கும் மெட்ராஸ் பெர்ட்டிலைசர்ஸ் நிறுவனத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். அதன் பங்குகளில் 59.50 விழுக்காடு இந்திய அரசுக்கும், 25.77 விழுக்காடு 'நாப்திரான்' என்னும் நிறுவனத்துக்கும் உரியவை என்றிருந்தது. நாப்திரான் என்பது ஈரானிய தேசிய எண்ணெய் நிறுவனத்தின் பிள்ளை நிறுவனம். அதாவது எங்கள் கடலைக்கொல்லைக்கு வரும் உரத்தில் நாலில் ஒரு பங்கு ஈரான் அரசாங்கத்தின் கணக்கில் இருக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னேன். "ஈரான்காரனுக்கு மணலியில இன்னா வேல?" என்று கேட்டார். அப்பா பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். ஆனால் அவர் கேட்கும் கேள்விக்கு என்னால் ஒரு வரியில் விடை சொல்ல முடிந்ததே இல்லை. இக்கட்டுரையின் அளவே அதற்குச் சாட்சி.

முதலில் ஒரு தெளிவு. முஸ்லிம் நாடு என்றாலே அரபு நாடு என்று எண்ணுவோர் நம்மில் பலர். ஈரானில் பெரும்பான்மையினர் அரேபியர் அல்லர். அவர்கள் மொழி அரபு எழுத்தில் எழுதப்பட்டாலும் வடமொழியின் உறவுமொழி. சமயத்தில் அவர்கள் ஷியா பிரிவினர். சுற்றியுள்ள அரபு நாடுகளின் அரசுகளோ பெரும்பாலும் சுன்னி பிரிவினருடையவை. இயற்கை எரிவாயு இருப்பில் ரஷ்யாவுக்கு அடுத்த இடம் ஈரானுக்கு. எண்ணெய் இருப்பில் உலகின் முதல் நான்கு நாடுகளுள் அதுவும் ஒன்று. போதாக்குறைக்கு, வளைகுடா எண்ணெயெல்லாம் வெளியேறும் ஹோர்முஸ் நீரிணையின் வடகரை அதன் கையில் இருக்கிறது. அந்த நீரிணையின் மிகக் குறுகிய இடம் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. சென்னையிலிருந்து திருவள்ளூருக்குப் பாசஞ்சர் வண்டியில் போகும் தொலைவைவிடச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகம் பயன்படுத்திய எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தச் சந்து வழியாகத்தான் போயிற்று. இத்தகைய இடத்தில், இத்தனை செல்வத்தின்மேல் அமர்ந்திருக்கும் நாடு, 'இவ்வட்டாரத்தில் என்னைக் கேட்காமல் எதுவும் நடக்கக்கூடாது' என்று நினைப்பதில் வியப்பில்லை. அரசர் ஆண்டபோதும் அப்படித்தான் நினைத்தது. அரசரைத் துரத்திய பின்னும் அப்படித்தான் நினைத்தது. பெயர்கள் மாறின, பசி மாறவில்லை என்பது என் எண்ணம். அதற்கான சான்றுகளைக் கீழே தருகிறேன்.

எண்ணெய் கிடைத்தது 1908ஆம் ஆண்டு மே மாதத்தில், மஸ்ஜித் சுலைமான் என்னுமிடத்தில். எடுக்கும் உரிமையை 1901இலேயே வில்லியம் நாக்ஸ் டார்சி என்னும் ஆங்கிலேயருக்கு அன்றைய அரசர் எழுதிக் கொடுத்திருந்தார். 1909இல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனி பிறந்தது. 1914இல் பிரிட்டிஷ் அரசாங்கமே அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிக்கொண்டது. அபாதானில் கட்டிய சுத்திகரிப்பாலை பிற்காலத்தில் உலகிலேயே பெரியதாயிற்று. தொடக்க காலத்தில் அங்கு உழைத்தவர்களில் நம் நாட்டவர் ஏராளம்; குறைந்த கூலியை எதிர்த்து அவர்கள் 1920இலும் 1922இலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். வளைகுடாவுக்கு நம்மவர் பிழைக்கப் போவது 1970களில் தொடங்கிய கதை என்று நினைத்திருந்தேன். அதற்கு நூறு வயது தாண்டிவிட்டது.

அந்த 1908ஆம் ஆண்டை நாமும் மறக்க முடியாது. வெள்ளையர் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனாருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட ஆண்டு அது. தன் நாட்டுப் பொருளைத் தன் நாட்டார் கையாள வேண்டும் என்று சொன்னவருக்கு என்ன நேரும் என்பதை ஈரான் 1953இல் கண்டது. பிரதமர் முகமது மொசாதேக் 1951இல் எண்ணெயை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டன் ஈரான் எண்ணெயை யாரும் வாங்காதபடி தடுத்தது. பிறகு 1953 ஆகஸ்டு 19 அன்று, அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத் துறைகள் திட்டமிட்ட கலகத்தில் மொசாதேக் வீழ்த்தப்பட்டார். ஷா முகமது ரெசா பஹ்லவி முழு அதிகாரத்தோடு அமர்ந்தார். ஈரானைப் பற்றி யார் எழுதினாலும் இந்த ஓர் ஆண்டைத் தாண்டிப் போகக்கூடாது. பிற்காலத்தில் ஈரான் செய்த தவறுகளுக்கு இது மன்னிப்புச் சீட்டு ஆகாது. ஆனால் அயலாரை அது ஏன் ஒருபோதும் நம்புவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

இனி மணலிக்கு வருவோம்.

எண்ணெய் வருவாயில் பாதி தன் கருவூலத்துக்கு வந்தாலும், நிலத்தடியிலிருந்து எடுத்து அந்நியருக்கு விற்பதோடு ஷா நிறைவடையவில்லை. 1958இல் ஈரானிய தேசிய எண்ணெய் நிறுவனம் அமெரிக்காவின் அமோகோ கம்பெனியின் முன்னோடியோடு சேர்ந்து, கடலுக்கடியில் எண்ணெய் தேடக் கூட்டு நிறுவனம் ஒன்றை அமைத்தது. கார்க் தீவையொட்டி அவர்கள் கண்ட எண்ணெய் வயலுக்கு 'டேரியஸ்' என்று பெயரிட்டார்கள். இன்னொன்றுக்கு 'சைரஸ்', மற்றொன்றுக்கு 'அர்தஷீர்'. மூன்றும் பண்டைய பாரசீகப் பேரரசர்களின் பெயர்கள். டேரியஸ் சிந்து நாட்டையும் திறை செலுத்தும் நாடுகளின் பட்டியலில் கல்லில் பொறித்து வைத்தவர். எண்ணெய்க் கிணற்றுக்குப் பேரரசர் பெயரைச் சூட்டுபவர் மனத்தில் என்ன கனவு ஓடியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

எண்ணெய் கிடைத்தால் போதுமா? அதை வாங்க ஆள் வேண்டும். நிரந்தரமாக வாங்க வேண்டுமானால் வாங்குபவர் வீட்டிலேயே ஒரு பங்கு வைத்துக்கொள்வது சிறந்த உபாயம். 1965 டிசம்பர் 30 அன்று மெட்ராஸ் ரிபைனரீஸ் லிமிடெட் தொடங்கப்பட்டது. இந்திய அரசுக்கு 74 விழுக்காடு, அமோகோவுக்கு 13, ஈரானிய நிறுவனத்துக்கு 13. ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் அந்த ஆலை 27 மாதங்களில், 43 கோடி ரூபாய்ச் செலவில் எழும்பி, 1969இல் இயங்கத் தொடங்கியது. அது டேரியஸ் எண்ணெய்க்காகவே வடிவமைக்கப்பட்டது.

இங்கே வேதியியல் மாணவன் என்ற முறையில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. கச்சா எண்ணெய் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. பச்சரிசிக்கு வைக்கும் தண்ணீரைப் புழுங்கலரிசிக்கு வைத்தால் என்ன ஆகும் என்பது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கச்சா எண்ணெய்களும் அடர்த்தியிலும் கந்தக அளவிலும் மெழுகு அளவிலும் வேறுபடுகின்றன. கந்தகம் மிகுந்த எண்ணெய்க்கு அரிப்பைத் தாங்கும் உலோகக் குழாய்களும், ஹைட்ரஜன் செலுத்திக் கந்தகத்தை நீக்கும் கலங்களும் தேவை. வடிகட்டும் கோபுரத்தின் எந்த உயரத்தில் எவ்வளவு நாப்தா, எவ்வளவு மண்ணெண்ணெய், எவ்வளவு டீசல் இறங்கும் என்பதும் எண்ணெயைப் பொறுத்தே அமையும். ஆகவே ஓர் எண்ணெய்க்காகக் கட்டிய ஆலையை மற்றோர் எண்ணெய்க்குத் திருப்புவதற்கு மாற்றமும் செலவும் பிடிக்கும். விற்பவருக்கு இதைவிட உறுதியான கயிறு ஏது? மணலி ஆலையில் கிடைத்த நாப்தா, பக்கத்திலேயே 1966இல் நிறுவப்பட்ட உரக் கம்பெனிக்குப் போயிற்று. நாப்தாவிலிருந்து ஹைட்ரஜன், ஹைட்ரஜனும் காற்றிலுள்ள நைட்ரஜனும் இரும்பு வினையூக்கியின்மேல் சேர்ந்து அம்மோனியா, அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து யூரியா. 1972இல் அந்த உரக் கம்பெனியிலும் ஈரான் பங்கு சேர்ந்தது. எங்கள் வீட்டு மூட்டையின் வரலாறு இதுதான்.

இதே வேலையை ஷா இலங்கையிலும் செய்தார். கொழும்பை அடுத்த சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பாலை 1969இல் ஈரானின் உதவியோடு, ஈரானின் எண்ணெய்க்கு ஏற்றபடி கட்டப்பட்டது.

1971இல் பிரிட்டிஷ் படைகள் வளைகுடாவை விட்டுக் கிளம்பின. காலியான நாற்காலியில் தாமே அமர வேண்டும் என்று ஷா தீர்மானித்தார். அவ்வாண்டு அக்டோபரில் பெர்சிபோலிஸ் பாழ்நகரில் கூடாரங்கள் அடித்து, உலகத் தலைவர்களை வரவழைத்து, பாரசீகப் பேரரசின் 2500ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடினார். அடுத்த மாத இறுதியில், நீரிணையின் வாயிலில் உள்ள அபூ மூசா, பெரிய துன்ப், சின்ன துன்ப் என்னும் மூன்று தீவுகளில் அவருடைய படை இறங்கியது. 1972இல் தெஹ்ரானுக்கு வந்த அமெரிக்க அதிபர் நிக்சன், அணு ஆயுதம் தவிர எதை வேண்டுமானாலும் விற்பதாக ஒப்புக்கொண்டார். எப்-14 போர் விமானம் அமெரிக்காவுக்கு வெளியே ஒரே ஒரு நாட்டுக்குத்தான் விற்கப்பட்டது, அது ஈரான். 1973இலிருந்து ஓமானில் சுல்தானுக்கு எதிரான கிளர்ச்சியை அடக்க ஈரானியச் சிப்பாய்கள் போனார்கள்.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? 1973 அக்டோபரில் பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்த எண்ணெய், டிசம்பரில் தெஹ்ரானில் கூடிய உற்பத்தி நாடுகளின் முடிவால் 1974 ஜனவரி முதல் 11.65 டாலர் ஆயிற்று. விலையேற்றத்துக்கு முன்னின்று வாதாடியவர்களுள் ஷா முதன்மையானவர். நம் நாட்டில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றதும், உர விலை ஏறியதும் அதன் விளைவுகளே. முன்னர் பாகிஸ்தானுக்குத் துணை நின்ற ஷா, 1974இல் இந்திரா காந்தி தெஹ்ரான் சென்ற பின் நம்மிடமும் நட்புக்கரம் நீட்டினார். கருநாடகத்தில் குதிரேமுக் இரும்புச் சுரங்கத்துக்கு 63 கோடி டாலர் கடன் தர 1975இல் ஒப்பந்தமாயிற்று. இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளெல்லாம் ஒரு பொருளாதாரக் குடும்பமாகச் சேர வேண்டும் என்றும் பேசினார். குடும்பத் தலைவர் யார் என்பதை அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பணம் கொட்டும்போது அரசுக்கு என்ன நேர்கிறது என்பதை ஆராய்ந்து, 1970இல் உசேன் மஹ்தவி என்னும் ஈரானியப் பொருளாதார அறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். வரி வாங்கி வாழும் அரசு வேறு, வாடகை வாங்கி வாழும் அரசு வேறு என்பது அதன் சாரம். நம் ஊர் நெடுஞ்சாலை ஓரத்தில் நாலு கடை கட்டி வாடகைக்கு விட்டவரைப் பாருங்கள். அவர் களத்துமேட்டுக்குப் போக வேண்டியதில்லை; மழையைப் பார்க்க வேண்டியதில்லை; கூலியாளோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. மாதம் பிறந்தால் பணம் வரும். நாளடைவில் ஊராரின் பேச்சு அவர் காதில் விழுவதும் நின்றுபோகும். எண்ணெய் அரசும் அவ்வாறே. குடிகளிடம் வரி கேட்காத அரசுக்குக் குடிகளிடம் கணக்குக் காட்டும் வழக்கமும் இராது. 1976இல் ஷா நாட்காட்டியையே மாற்றினார். 1355 என்று வர வேண்டிய ஆண்டு சைரஸ் காலத்திலிருந்து எண்ணப்பட்டு 2535 ஆயிற்று. நாட்காட்டியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளை ஓர் ஆணையால் கூட்டியவருக்கு, தெஹ்ரானின் தென்பகுதிக் குடிசைகளில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

1979 பிப்ரவரியில் எல்லாம் கவிழ்ந்தது. ஷா ஓடினார், கொமெய்னி வந்தார். குதிரேமுக் கடனில் ஒரு பகுதி வந்ததோடு நின்றுபோயிற்று. கடலடி எண்ணெய் வயல்களின் பெயர்களும் மாற்றப்பட்டன. டேரியஸ் 'தோரூத்' ஆனார். சைரஸ் 'சொரூஷ்' ஆனார். அர்தஷீர், நபிகள் நாயகத்தின் தோழர் ஒருவரின் பெயரால் 'அபூசர்' ஆனார். ஆனால் மூன்று தீவுகளை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஷா காலத்தில் 1975இல் ஜெர்மானியர் தொடங்கிய புஷேர் அணுமின் நிலையத்தையும் கைவிட்டுவிடவில்லை. ரஷ்யர்களைக் கொண்டு முடித்து, 2011இல் மின்சாரம் எடுத்தார்கள். பசி மாறவில்லை என்று நான் மேலே சொன்னதற்கு இவை சான்று.

மாறியது வழிமுறை. அதற்குக் காரணம் போர். ஈரானுக்கும் ஈராக்குக்கும் இடையே ஓடும் ஷத்-அல்-அரப் ஆற்றில் எல்லை எது என்ற வழக்கு பழையது. 1975இல் அல்ஜியர்ஸில் கையெழுத்திட்ட உடன்பாட்டைச் சதாம் உசேன் 1980இல் கிழித்தெறிந்து, செப்டம்பர் 22 அன்று படையெடுத்தார். எட்டாண்டுப் போரில் இரு தரப்பிலும் லட்சக்கணக்கானோர் மாண்டனர். அபாதான் ஆலை எரிந்தது. முடிவில் எல்லை பழைய இடத்திலேயே நின்றது. எல்லை வழக்கென்றால் நமக்கும் புதிதல்ல. திருத்தணி எந்த மாநிலத்தில் என்ற வழக்கில் ம.பொ.சி. தலைமையில் கிளர்ச்சி நடந்தது, பட்டாஸ்கர் பரிந்துரைத்தார், நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது, ஈடாகச் சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. இன்றும் எங்கள் ஊர்ச் சந்தையில் பாதிப் பேச்சு தெலுங்கில்தான் நடக்கிறது. ஒரே நாட்டுக்குள் நடந்த வழக்கையும் இரு நாடுகளின் போரையும் ஒப்பிடலாகாது என்று அரசியல் படிக்கும் நண்பர்கள் சொல்லக்கூடும். ஒப்பிடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்தப் போரில் ஒரு நாளை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும். 1987 ஜூன் 28 அன்று, சர்தஷ்த் என்னும் ஈரானியக் குர்து நகரத்தின்மேல் ஈராக்கிய விமானங்கள் மஸ்டர்டு வாயுக் குண்டுகளை வீசின. நான்கு கார்பன், எட்டு ஹைட்ரஜன், இரண்டு குளோரின், ஒரு கந்தகம் சேர்ந்த சாதாரண மூலக்கூறு அது. தோலிலும் கண்ணிலும் நுரையீரலிலும் உள்ள ஈரத்தோடு கலந்து, பல மணி நேரம் கழித்தே எரியத் தொடங்கும். அதன் அமைப்பை வரையத் தெரிந்த நாம், அதைச் சுவாசித்துவிட்டு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த மக்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று உலக நாடுகள் பெரும்பாலும் பாராமுகமாகவே இருந்தன.

இந்தத் தனிமையிலிருந்து ஈரானின் ஆட்சியாளர் ஒரு பாடம் படித்தார்கள். விமானங்களுக்கு உதிரிப் பாகம்கூடக் கிடைக்காத நிலையில், வாங்கும் ஆயுதத்தை நம்பிப் பயனில்லை. சொந்தமாக ஏவுகணை செய்ய வேண்டும். போரைத் தம் மண்ணுக்கு வெளியிலேயே நடத்த வேண்டும் என்பது அந்தப் பாடம். 1982இல் இஸ்ரேல் லெபனானுக்குள் புகுந்தபோது அங்கே ஹிஸ்புல்லா உருவாக ஈரான் துணை நின்றது. 2003இல் அமெரிக்கா சதாமை வீழ்த்தியதும், பகைவனின் வீட்டுக் கதவு தானாகத் திறந்தது. ஈராக்கின் ஷியா அணிகள், சிரியாவின் அசாத் ஆட்சி, ஏமனின் ஹூதிகள், காஸாவின் ஹமாஸ் என்று ஒரு சங்கிலி கோக்கப்பட்டது. ஷா விமானம் வாங்கச் செலவிட்டதோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு குறைவே. இதைச் சமயச் சண்டை என்று சுருக்கிவிடுவது எளிது, ஆனால் சரியாகாது. ஹமாஸ் சுன்னி இயக்கம். ஷியாக்கள் பெரும்பான்மையான அசர்பைஜானைவிடக் கிறித்தவ ஆர்மீனியாவோடு ஈரான் நெருக்கமாக இருந்திருக்கிறது. சமயம் கொடிக்கம்பம், நிலமும் கடலும்தான் கணக்கு.

இதற்கிடையே அணுப் பிரச்சினை. யுரேனியத்தை 3.67 விழுக்காட்டுக்கு மேல் செறிவூட்டுவதில்லை என்று 2015 ஜூலையில் ஈரான் ஒப்புக்கொண்டது. 2018 மே மாதம் அமெரிக்கா அவ்வுடன்பாட்டை விட்டு விலகியது. 2021இல் ஈரான் 60 விழுக்காட்டை எட்டியது. அமெரிக்கப் பொருளாதாரத் தடையின் காரணமாக இந்தியா 2019 மே மாதத்தோடு ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டில் நம் இறக்குமதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஈரானுடையது. இலங்கையின் நிலை இன்னும் விசித்திரம். வாங்கிய எண்ணெய்க்குத் தர வேண்டிய 25.1 கோடி டாலரைத் தர டாலர் இல்லாமல், மாதந்தோறும் ஐம்பது லட்சம் டாலர் மதிப்புள்ள தேயிலையாக அடைக்க 2021 டிசம்பரில் உடன்பாடு செய்துகொண்டது. அத்தேயிலையைப் பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை மலையகத் தமிழ்ப் பெண்களுடையவை. பாரசீகப் பேரரசுக் கனவின் கணக்கில், நுவரெலியாக் குளிரில் கூடை சுமக்கும் ஒரு பெண்ணின் நாட்கூலியும் சேர்ந்திருக்கிறது என்பதை எந்த அரசியல் நூலும் எழுதாது. ஆகவே நான் எழுதுகிறேன்.

அந்தக் கனவின் விலையை ஈரானிய மக்களே முதலில் கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில், முக்காட்டுச் சட்டத்தின் பேரில் பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி என்னும் 22 வயதுப் பெண் காவலில் இருந்தபோது உயிரிழந்தார். தெருவில் இறங்கியவர்களில் கல்லூரி மாணவிகளே முன்னணியில் நின்றார்கள். 'லெபனானுக்கும் காஸாவுக்கும் போகும் பணம் எங்களுக்கு ஏன் இல்லை?' என்னும் பொருள்பட அங்கே முழக்கங்கள் எழுவது 2009இலிருந்தே உண்டு. நம் வயதுடையவர்கள் சிலர் தூக்கு மேடைக்கும் போனார்கள்.

பிறகு சங்கிலி அறுபடத் தொடங்கியது. 2024இல் ஹிஸ்புல்லாவின் தலைமை இஸ்ரேலின் தாக்குதலில் அழிந்தது. டிசம்பர் 8 அன்று அசாத் ஆட்சி கவிழ்ந்தது. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் நேராக ஈரானையே தாக்கியது. 22 அன்று அமெரிக்க விமானங்கள் போர்தோ உள்ளிட்ட மூன்று அணுக்கூடங்களைக் குண்டு வீசித் தாக்கின. மறுநாள் கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தின்மேல் ஈரான் ஏவுகணைகளை ஏவியது.

அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் உறங்கவில்லை. என் மாமன் மகன் தோஹாவில் குளிர்சாதன மெக்கானிக். அவர் அனுப்பும் பணத்தில்தான் மாமாவின் வட்டிக்கடன் அடைகிறது. என் முதலாண்டுப் புத்தகங்களும் அதில்தான் வாங்கப்பட்டன. வளைகுடாவின் வான்வழி மூடப்பட்டது என்ற செய்தியை நான் படித்துச் சொன்னபோது, அத்தை "வானத்துக்குக்கூடவா கதவு போடுவாங்க?" என்று கேட்டார். விடியும் முன் அவரிடமிருந்து குரல் வந்தது. தொலைவில் வெடிச்சத்தம் கேட்டதாகவும், மாடியிலிருந்து எல்லாரும் செல்போனில் படம் பிடித்ததாகவும், காலையில் வழக்கம்போல வேலைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்.

மணலிக் கணக்கை இனி முடிக்கலாம். அமெரிக்க அமோகோ 1985இலேயே தன் பங்கை விற்றுவிட்டுப் போயிற்று. மெட்ராஸ் ரிபைனரீஸ் 2000இல் சென்னைப் பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ஆயிற்று; இந்திய அரசின் இடத்துக்கு இந்தியன் ஆயில் வந்தது. 25 லட்சம் டன் ஆலை 105 லட்சம் டன் ஆலையாக வளர்ந்து, எந்த நாட்டு எண்ணெயையும் ஏற்கும்படி மாற்றியமைக்கப்பட்டது. ஷாவின் கயிறு அவிழ்ந்துவிட்டது. ஆயினும் புரட்சி, போர், தடைகள் அனைத்துக்கும் நடுவே ஈரானியப் பங்கு மட்டும் 15.40 விழுக்காடாக 2023-24ஆம் ஆண்டறிக்கையிலும் நின்றது. ஈரானிடமிருந்து ஒரு பீப்பாய்கூட வாங்காத ஆலைக்கு ஈரான் பங்குதாரராக இருந்தது. நாமும் அங்கே ஒரு கால் ஊன்றியிருக்கிறோம்: 2024 மே மாதம் சபஹார் துறைமுகத்தின் ஒரு பகுதியைப் பத்தாண்டுகளுக்கு நடத்த இந்தியா கையெழுத்திட்டது, மறு ஆண்டே அமெரிக்கத் தடையின் நிழல் அதன்மேலும் விழுந்தது.

உரத் தொழிற்சாலையோ 2019இல் நாப்தாவை விட்டு, எண்ணூர் முனையத்தில் கப்பலில் வந்திறங்கும் இயற்கை எரிவாயுவுக்கு மாறிவிட்டது. அப்படி இந்தியா வாங்கிய திரவ எரிவாயுவில் பல ஆண்டுகளாகப் பெரும்பங்கு கத்தாருடையது. கத்தாரின் எரிவாயு வயலும் ஈரானின் தெற்கு பார்ஸ் வயலும் கடலுக்கடியில் ஒரே நீர்த்தேக்கம்போல் தொடர்ந்து கிடப்பவை. உலகிலேயே பெரிய எரிவாயு வயல் அதுதான். நடுவில் கோடு கிழித்து இரு நாடுகளும் எடுக்கின்றன. தடைக்குள் அகப்பட்ட ஈரானால் தன் பக்கத்து வாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்ற முடியவில்லை. கத்தாரோ 1990களின் இறுதியிலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தது. நாலில் ஒரு பங்கு ஈரானுக்கு உரிய மணலி உரத் தொழிற்சாலைக்கு, அதே வயலின் எதிர்க்கரையிலிருந்து எடுத்த வாயு, மாமன் மகன் வேலை பார்க்கும் நாட்டிலிருந்து வரலாயிற்று.

இவ்வளவையும் அப்பாவிடம் ஒரு மாலையில் சொல்லி முடித்தேன். பங்கு வைத்திருப்பவனுக்கு யூரியா விலையைக் கூட்ட உரிமை உண்டா என்று கேட்டார். விலையை நிர்ணயிப்பது டெல்லி என்றேன்.